டிட்டோ சொன்ன வாய்

"வடக்கே போறேன். என்னா போட்டிருக்கு?"

"டிட்டோ பாய்."

"கிழக்கே?"

"டிட்டோ."

"மறுபடியும் வடக்கே."

"அதே டிட்டோதான் பாய். மணி அடிக்கப் போறாங்க, எழுந்திரிங்க."

ஜாஃபர் பாய் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஏ.சி. ரூமிலும் அவருக்கு மூக்கின்மேல் வியர்த்திருந்தது. எதிரே கறுப்புத் திரையில் நான்கு வரி பச்சை எழுத்து நின்றது. அதைப் பார்க்க அவருக்குக் கண் இல்லை. அதைப் படிக்க எனக்குப் படிப்பு இல்லை. "ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறும்" என்று கேன்டீனில் சிரிப்பார்கள். அந்த முழு ஆளில் பழுதான பாதி எது என்பதுதான் இந்த வாரக் கதை.

போன வாரம், லாரியை எடை போடும்போது நானும் கூடவே மேடையில் நின்று கணக்கைக் குழப்பிய கதையைப் படித்துவிட்டு, "உங்க மூளை எத்தனை கிலோ?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்த வாரத்தைப் படித்துவிட்டு அவரே எடை போட்டுக்கொள்ளட்டும்.

மூணாம் கிளாஸ் மேதை

அப்போது நான் ஓசூரில் பம்ப் செய்கிற கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் ஹெல்பர். சொந்த ஊர் உத்தனப்பள்ளி. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், சூப்பர்வைசர் எதிரே வந்தால் கன்னடம். மூன்று பாஷையிலும் வாய் ஓயாது. படிப்பது மட்டும் தமிழ், அதுவும் மூணாம் கிளாஸோடு சரி. அதற்குமேல் வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவர் அடித்தார், நான் ஓடினேன்.

இங்கிலீஷில் இருபத்தாறு எழுத்தும் எனக்குத் தெரியும். எந்த இரண்டு எழுத்தைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதுதான் தெரியாது. ஸ்டோர்ஸுக்கு அவ்வளவு போதும். பெட்டிக்கு ஒரு டேக் தொங்கும். அட்டைத் துண்டு, மேலே ஒரு ஓட்டை, அதில் கம்பி. ஒருவன் டேக்கைப் பார்த்து எழுத்தெழுத்தாய்க் கத்துவான், இன்னொருவன் நோட்டில் சரிபார்ப்பான். எங்கள் டேக்கில் உருண்டையாய் இருந்தால் சைபர், நெட்டுக்குத்தாய் நின்றால் ஒண்ணு. வேறு வியாக்கியானம் கிடையாது.

இன்னொரு முறையும் உண்டு. அடுத்த டேக்கின் முதல் வரி முந்தைய டேக் மாதிரியே இருந்தால், மிச்சத்தைப் படிக்கத் தேவையில்லை. "டிட்டோ" என்று கத்திவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ஒரே லாட்டில் வந்த சரக்கு என்று அர்த்தம். நாளைக்கு நூறு டிட்டோ சொல்வேன். வீட்டில் என் மனைவி, "நேத்து உப்புமா, இன்னைக்கு என்னா பண்ண?" என்று கேட்டாலும் அதே பதில்தான் வாயில் வரும்.

பாய்

ஜாஃபர் பாய் கிருஷ்ணகிரிக்காரர். ஐந்து வயதில் வந்த காய்ச்சல் அவர் கண்ணை எடுத்துக்கொண்டு போனது. ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் படித்து, இங்கிலீஷும் டைப்பிங்கும் கற்று, எங்கள் கம்பெனி டெலிபோன் போர்டில் உட்கார்ந்தார். கம்பெனி முழுக்க எந்த நம்பர் யாருடையது என்று அவருக்கு மனப்பாடம். எனக்கு என் வீட்டு ரேஷன் கார்டு நம்பரே தெரியாது.

ஆளை அவர் சத்தத்தில் பிடிப்பார். என்னைப் பிடிக்க இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்து போதும்.

"வாடா முனிராஜு."

"எப்படி பாய் கண்டுபுடிச்சீங்க?"

"மாட்டுக்கு மணி கட்டறது எதுக்கு? இதுக்குத்தான்."

ஸ்டோர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் ரூம் திறந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்கே செருப்போடு போகப் பார்க்கிறவன் நான், அங்கே பயபக்தியோடு காலைத் துடைத்துக்கொண்டு நுழைவேன். உள்ளே ஏ.சி. அல்லவா? திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் சுகந்திதான் அங்கே ஆபரேட்டர். கம்ப்யூட்டரை மாட்ட பெங்களூரிலிருந்து வந்தவர் அதில் ஒரு விளையாட்டையும் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஒரு பழைய கப்பல். அதன் அடி வயிற்றில் நாம் மாட்டிக்கொண்டிருக்கிறோம். எப்படியாவது மேல் தட்டுக்கு ஏறி வந்துவிட்டால் ஜெயிப்பு. இதில் படம் கிடையாது. எங்கே நிற்கிறோம் என்று எழுத்தில் சொல்லும். நாம் 'வடக்கே போ', 'விளக்கு எடு' என்று இங்கிலீஷில் இரண்டு வார்த்தை அடிக்க வேண்டும். மூன்றாவது வார்த்தை அடித்தால் புரியவில்லை என்று சொல்லிவிடும். எங்கள் சூப்பர்வைசரும் அப்படித்தான். ஆனால் அவர் புரியவில்லை என்று சொல்லமாட்டார்.

நான் சும்மா இருக்கிற ஆளா? நேரே பாயிடம் போய், "ஒரு கேம் வந்திருக்கு பாய். படமே இல்லியாம். உங்களுக்குன்னே பண்ணினாப்பல இருக்கு" என்று சீண்டினேன்.

பாய் சிரிக்கவில்லை. "படம் இல்லன்னா, அங்க எனக்கும் உனக்கும் ஒரே இருட்டுதானே?" என்றார். "கூட்டிட்டுப் போடா."

டெங்கனிக்கோட்டை, சைபர், சைபர், ராயக்கோட்டை

மதியச் சாப்பாட்டு நேரம் அரை மணி. பத்து நிமிஷத்தில் சோற்றை முழுங்கிவிட்டு இருவரும் செருப்பைக் கழற்றுவோம். சுகந்தி கேன்டீன் போகிற நேரம் அது. பாய் டைப் அடிப்பார், நான் திரையைப் பார்த்து எழுத்தெழுத்தாய்க் கத்துவேன். எல்லாம் பெரிய எழுத்து, எங்கள் டேக் மாதிரியே. அதனால்தான் என் வண்டி ஓடியது.

முதல் நாள் பி என்றேனா டி என்றேனா என்று அவருக்குப் புரியவில்லை. ஏ.சி. சத்தம் வேறு. டெலிபோன்காரர்கள் டெல்லி, பாம்பே என்று ஊர் பேர் சொல்லி எழுத்து சொல்வார்களாம். டெல்லியை எனக்கு யார் காட்டினார்கள்? எனக்குத் தெரிந்த பஸ் போகிற ஊர்களை வைத்துக்கொண்டேன். கெலமங்கலம், சூளகிரி, தளி, அஞ்செட்டி, பாலக்கோடு. டபிள்யூவுக்கு மட்டும் எந்த ஊரும் கிடைக்காமல் வாட்ச்மேனை நிறுத்தினேன்.

"டெங்கனிக்கோட்டை, சைபர், சைபர், ராயக்கோட்டை."

பாய் இரண்டு நொடி உதட்டை அசைத்தார். "டோர்! கதவுடா!"

ஒரு கதவு திறப்பதற்குள் மாவட்டத்தையே சுற்றி வந்துவிடுவோம். ஆனாலும் திறந்தது. ஸ்டோர்ஸில் கட்டம் கட்டமாய்ப் பிரித்த பிளாஸ்டிக் ட்ரே ஒன்றை அவருக்குத் தூக்கிக் கொடுத்தேன். மூலை உடைந்த பக்கம் வடக்கு. ரூமுக்கு ஒரு நட்டு, கதவுக்கு ஒரு வாஷர். விரலால் தடவினால் கப்பல் முழுக்கத் தெரிந்துவிடும் அவருக்கு.

'அதோ' இல்லாத ஊர்

இதில் அவருக்கு என்ன அப்படி ருசி என்று ஒருநாள் கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டுல கிருஷ்ணகிரி பஸ் எங்கன்னு கேட்டா என்னா சொல்றாங்க? 'அதோ நிக்குது பாருங்க'ங்கறாங்க. 'அந்தப் பக்கம் போங்க'ங்கறாங்க. எந்தப் பக்கம்? இந்தக் கப்பல்காரன் ஒருத்தன்தான்டா எனக்கு ஒழுங்கா பதில் சொல்றான். வடக்கே கதவு, கிழக்கே படி. ஒரு 'அதோ' கெடையாது."

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வருஷமாய் நானும் அவரிடம், "அந்தா இருக்கு பாய், எடுத்துக்குங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் காற்றில் துழாவிக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து கேன்டீனே கப்பலாகிவிட்டது.

"முனிராஜு, வடக்கே என்னா?"

"சாம்பார் அண்டா. போகாதீங்க."

"கிழக்கே?"

"நாலு அடி. பெஞ்சு."

"உக்காரு. டீ எடு."

"டீ இல்ல. வேலு இன்னும் போடல."

டீ போடுகிற வேலு எங்களை ஒரு மாதிரி பார்த்தான். ஒரு வாரத்தில் அவனும், "பாய், தெற்கே ரெண்டு அடி, வடை" என்று கூப்பிட ஆரம்பித்தான்.

புது போர்டு

அந்த நேரத்தில்தான் புது டெலிபோன் போர்டு வாங்கப் போவதாகச் சேதி வந்தது. பழையதில் எந்த லைன் கூப்பிடுகிறது என்று கை வைத்தால் தெரியும். புதியதில் பட்டன்களும், ஒரு குட்டித் திரையும். அட்மின் ஆபீசர் கெட்ட மனிதர் இல்லை. பாயைக் கூப்பிட்டு, "பழகிக்க முடியும்னா இருங்க. இல்லன்னா பேக்கிங்ல போடறேன். மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

பேக்கிங் என்றால் நாள் முழுக்க அட்டைப் பெட்டியில் நட்டு நிரப்புவது. யாரும் பேசமாட்டார்கள். குரலால் கம்பெனியையே ஆண்ட மனிதருக்கு அது என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

பாய் என்னிடம் மட்டும் சொன்னார்: "இந்தக் கப்பல்ல இருந்து நான் வெளிய வந்துட்டா, அந்த போர்டையும் பாத்துக்குவேன்டா. வர முடியலன்னா, திரை வச்ச சாமான் நமக்கு ஆவாதுன்னு உட்டுடறேன்."

அப்படிச் சொன்ன இரண்டாம் நாள் கப்பலின் கடைசிப் பாகத்தில் நுழைந்தோம். குறுகலான வழிகள். எந்தப் பக்கம் போனாலும் அதே முதல் வரி. நான் என்ன செய்தேன்? டிட்டோ சொன்னேன்.

இரண்டு வாரம். ட்ரேயில் நட்டு வைப்பார், எடுப்பார், வைப்பார். ஒருநாள் விளையாட்டில் எடுத்து வைத்திருந்த கயிற்றை அங்கே அடையாளத்துக்குப் போட்டார். திரும்ப அதே இடத்துக்கு வந்தால் 'இங்கே ஒரு கயிறு கிடக்கிறது' என்று காட்டும் அல்லவா? திரும்ப வந்தோம். காட்டியிருக்கிறது. நான் டிட்டோ சொல்லிவிட்டேன்.

மாசக் கடைசி வாரம், வியாழக்கிழமை. ஆரம்பத்தில் சொன்னது இந்த நாள்தான். எழுந்திரிங்க என்று நான் சொன்னதும் பாய் ட்ரேயைக் கவிழ்த்து நட்டையெல்லாம் என் கையில் கொட்டினார்.

"கண்ணு இல்லன்னு நெனச்சேன். மூளையும் இல்லடா. சனிக்கிழமை பேக்கிங்குக்கு எழுதிக் குடுத்துடறேன்."

நாலாவது வரி

சுகந்தி கேன்டீனிலிருந்து வரும்போது நான் கையிலிருந்து சிதறிய நட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பாய் ஏண்ணே மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுப் போறாரு?"

"எல்லா ரூமும் டிட்டோம்மா. அவரு என்னா பண்ணுவாரு?"

"டிட்டோவா? யாரு சொன்னா?"

"நான்தான்."

அவள் குனிந்து திரையைப் படித்தாள். இரண்டு தட்டு தட்டினாள், படித்தாள். இன்னும் இரண்டு தட்டு. பிறகு என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை.

"மூணு வரி ஒண்ணுதான். நாலாவது வரியப் பாத்தியளாண்ணே? இங்க தண்ணி சொட்டுத சத்தம். இங்க காத்து. இங்க தார் வாசம். இந்தா, கயிறு கெடக்குன்னுகூட போட்டிருக்கு!"

சத்தம், காற்று, வாசம். கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறவனுக்கு என்றே எழுதி வைத்த வரி. அதைத்தான் கண் திறந்திருந்த நான் இரண்டு வாரமாய் முழுங்கியிருக்கிறேன்.

ஸ்டோர்ஸ் இன்டர்காமை எடுத்தேன். போர்டைக் கூப்பிட்டேன்.

"பாய், நான் முனிராஜு."

"சாவி சத்தம் கேக்குது. என்னா?"

"அந்த ரூமுங்க டிட்டோ இல்ல பாய். நான் மொத வரிய மட்டும் பாத்துட்டு சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான். உங்க மூளைக்கு ஒண்ணுமில்ல."

மெதுவாக, "பேக்கிங் போறேன்னு சொன்னதும் சமாதானத்துக்கு சொல்றியா?" என்றார்.

"சாமி சத்தியமா பாய்!"

"போன மாசம் கேன்டீனுக்குள்ள யானை பூந்துருச்சின்னு சொன்னியே, அதுவும் சாமி சத்தியம்தான். நான் பெஞ்சு மேல ஏறி நின்னேன். ஊரே சிரிச்சுது. நீ என்னிக்குடா நெசம் பேசின?"

லைனைக் கட் செய்துவிட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை சொன்னேன். வாங்க ஆளில்லை.

ஏழு டேக்

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பாய் வரவில்லை. சனிக்கிழமை காலையில் அந்தக் கம்ப்யூட்டரைப் பெங்களூருக்குக் கொண்டுபோகிறார்கள், வேறு வரப்போகிறது என்று சுகந்தி சொன்னாள்.

காலி டேக் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

"நீ ஒவ்வொரு ரூமா போம்மா. நான் பாத்து எழுதிக்கறேன்."

"உங்களுக்கு எழுத வருமாண்ணே?"

"வராது. வரையத் தெரியும்."

மொத்தம் ஏழு ரூம். ரூமுக்கு ஒரு டேக், டேக்குக்கு ஒரு நம்பர். வடக்கே போனால் எந்த நம்பர், கிழக்கே போனால் எந்த நம்பர் என்று நாலு பக்கமும் அவள் போய்ப் போய்ச் சொன்னாள், நான் குறித்துக்கொண்டேன். நாலாவது வரியை மட்டும் எழுத்தெழுத்தாய் வரைந்தேன். சுகந்தி சாப்பிடவேயில்லை. ஏழாவது ரூமில் ஒரு ஏணி வந்தது. அதன் வரியை வரைந்து முடிப்பதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

மறுநாள் காலை கம்ப்யூட்டரை வைக்கோலும் சாக்கும் சுற்றி டெம்போவில் ஏற்றினார்கள். கப்பலும் அதோடு போனது.

ஆபீசர் வெளியே போயிருந்தார். நாலு மணிக்கு வருவார், வந்ததும் பாய் எழுதிக் கொடுப்பார். மூன்று மணிக்கு நான் இன்டர்காமை எடுத்தேன்.

"போர்டு" என்றார் பாய்.

"பாய், கட் பண்ணாதீங்க. நான் பேச மாட்டேன். எழுத்து மட்டும் படிக்கிறேன். நீங்களே கூட்டிக்குங்க."

லைன் உயிரோடு இருந்தது.

"டெங்கனிக்கோட்டை, ராயக்கோட்டை, ஒண்ணு, பாலக்கோடு."

எனக்குப் பொய் சொல்ல மூன்று பாஷை தெரியும். இங்கிலீஷில் பொய் சொல்லத் தெரியாது. அது பாய்க்கும் தெரியும்.

"டிரிப்..." என்றார். "தண்ணி சொட்டுது. இன்னொரு தபா படி."

படித்தேன். அடுத்த டேக்.

"தளி, அஞ்செட்டி, ராயக்கோட்டை."

"தார்! தார் வாசம்டா!" இழுப்பறை இழுக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தை நான் எந்த ஸ்டோர்ஸிலும் கேட்டதில்லை. மேஜைமேல் அவர் ஒவ்வொன்றாக எதையோ அடுக்கினார். நட்டில்லாததால் போர்டு ரூமில் கிடந்த குண்டூசி டப்பா, ரப்பர் முத்திரை, பென்சில் மூடி என்று பிறகு சொன்னார்.

"கிழக்கு."

"நாலாம் நம்பர் டேக் பாய். வாட்ச்மேன், ஒண்ணு, நாகமங்கலம், டெங்கனிக்கோட்டை."

"காத்து. காத்து வந்தா வழி இருக்கும். ஒரு நிமிஷம் இரு, லைன் வருது." யாருக்கோ பேசிவிட்டு வந்தார். "வடக்கு."

"ஒண்ணாம் நம்பர் டேக். அதே தண்ணி."

"அப்ப இது இல்ல. திரும்பு. மேற்கு."

இப்படியே மூன்றே முக்கால் ஆனது. இரண்டு வாரம் சுத்தின இடத்தை முக்கால் மணியில் முடித்துவிட்டார், அதுவும் நடுவில் வந்த போனுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே. ஏழாம் டேக்கை எடுத்தேன். அதில் கடைசி வார்த்தை என் ஊரில் ஆரம்பித்தது.

"உத்தனப்பள்ளி, பாலக்கோடு."

"அப்." மேஜையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "மேல. ஏணி மேல போவுதுடா."

அந்த நேரம் ஆபீசர் ரூம் பஸ்ஸர் அடித்தது. பாய் என் லைனை வெட்டவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றேதானா, நான் கேட்டதில்லை.

"என்ன ஜாஃபர், லெட்டர் எழுதிட்டீங்களா?"

"இல்ல சார். பழகிக்கிறேன்."

"புது போர்டா? முடியுமா?"

"முடியும் சார்."

பாயின் பதில் எல்லாமே, கப்பலில் அடிப்பது போல, இரண்டிரண்டு வார்த்தைக்குள். அந்த போர்டில் அவர் எத்தனை வருஷம் உட்கார்ந்தார், குட்டித் திரையை என்ன செய்தார் என்பதெல்லாம் தனிக் கதை. அன்றைக்கு அவர் என் லைனுக்குத் திரும்பி வந்தார்.

"மேல ஏறிட்டேன் முனிராஜு. படி."

"டேக் தீந்துபோச்சு பாய். அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க."

"கம்ப்யூட்டரு?"

"இந்நேரம் பெங்களூரு போயிருக்கும்."

"சரி, நீயே சொல்லு. ஏறி வந்துட்டோம். சுத்தி என்னா இருக்கு?"

"கப்பல் மேலன்னா, கடல்தான் பாய் இருக்கும்."

"எப்படி இருக்கும்?"

வாய்க்கு வந்ததை அள்ளிவிட்டிருக்கலாம். கிருஷ்ணகிரி டேமை நாலு பங்காக்கி, எதிர்க்கரையை எடுத்துவிட்டால் ஒரு கடல் வந்துவிடும். யானையையே கேன்டீனுக்குள் நுழைத்தவன் நான்.

"தெரியல பாய்" என்றேன். "நான் கடலே பாத்ததில்ல."

அந்தப் பக்கம் பாய் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"டிட்டோ" என்றார்.